ஆயுட்குத்தகையும் காதலும்

நாட்டு விவகாரங்களுக்கென்று ஒதுக்கிய இப் பக்கத்தில் நாவல்களைப் பற்றி, அதிலும் அந்நிய நாட்டுக் காதல் நாவல்களைப் பற்றி, நாம் எழுதப் புகுந்தால் நம் அன்பர்களிற் சிலர் முகஞ்சுளிப்பார்கள் என்பதை அறிவோம். காதற் கதை வாசிப்பது வேலையற்ற வாலிபரின் பொழுதுபோக்கென்றும், தேச ஊழியனுக்கு அது ஆகாதென்றும் ஓர் அன்பர் அண்மையில் நம் காரியாலயத்திற்கே வந்து வாதாடினார். அவர் குத்தகை விவசாயிகளுக்காக ஊர் ஊராய் அலைந்து பாடுபடுபவர். அவர் சொல்லை நாம் இலேசாக எண்ணுவதில்லை. ஆயினும் இவ்விஷயத்தில் அவருடன் மாறுபட வேண்டியவரானோம். நிலச் சட்டம் உழவன் வயிற்றை எவ்வாறு தாக்குகிறது என்பதை அவர் நம்மினும் நன்கறிவார். அது அவன் நெஞ்சை எவ்வாறு தாக்குகிறது என்பதை அறிய விரும்பினால் தாமஸ் ஹார்டி என்னும் ஆங்கில ஆசிரியரின் கிராம நாவல்களை அவர் படித்தே தீரவேண்டும் என்றோம். அன்று வாய்மொழியாகச் சொன்ன காரணங்களை இன்று வாசகர்கள் முன்னிலையிலும் வைக்கிறோம்.

ஹார்டி 1840-ஆம் வருஷத்தில் இங்கிலாந்தின் தென்மேற்கிலுள்ள டார்செட் மாகாணத்தில், ஹையர் பாக்ஹாம்டன் என்னும் குக்கிராமத்தில், ஒரு கொத்தனாரின் குமாரராகப் பிறந்தார். அதற்கு ஆறு வருஷங்களுக்கு முன், 1834-இல், அதே மாகாணத்து டால்பட்டில் கிராமத்தில் விவசாயக் கூலிகள் ஆறு பேர் சங்கம் வைத்து இரகசியப் பிரமாணம் செய்வித்த குற்றத்திற்காகக் கடல் கடந்து ஆஸ்திரேலியாவுக்குத் தீவாந்தர சிக்ஷை பெற்றுச் சென்றனர். வாரத்திற்கு ஏழு ஷில்லிங்குக்குக் குறைக்கப்பட்ட கூலி மேலும் குறையும் என்ற அச்சமே அவர்கள் கூடியதன் காரணம். அந்த மண்ணில் வளர்ந்தவர் ஹார்டி. கட்டடக் கலை பயின்று, பின் நாவலாசிரியராகிப் பெரும்புகழ் எய்தி, டார்செட்டர் நகரில் மாஜிஸ்டிரேட்டு ஆசனத்திலும் அமர்ந்து, 1928-இல் காலமானார். அவரது உடற்சாம்பல் லண்டனில் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்திலும், இருதயம் பிறந்த ஊரை அடுத்த ஸ்டின்ஸ்போர்டு மயானத்திலும் அடக்கஞ் செய்யப்பெற்றன. அவர் பிறந்த வீடும் சொந்த வீடன்று. சிலரது ஆயுளை அளவாகக் கொண்டு பெற்ற வீடு. இச் செய்தியை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

ஏனெனில் நாம் முதலாவதாகப் பேச எடுத்துக்கொண்ட ‘தி உட்லாண்டர்ஸ்’ என்னும் 1887-ஆம் வருஷத்து நாவல் அத்தகைய வீடுகளைப் பற்றியதே. காடுவாழ்நர் என்பது அப்பெயரின் பொருள். ஆயுட்குத்தகை என்பது நம் உழவர்க்குப் புதிதாய்த் தோன்றலாம். பெருநிலக்கிழார் ஒருவர் ஒரு மனையையோ சிறு நிலத்தையோ, பெயர் குறித்த மூவரின் ஆயுள் உள்ளவரை ஒரு குடியானவனுக்கு விடுவார். மூவரும் குடியிருப்பவராகவே இருக்க வேண்டுமென்பதில்லை. வீடு கட்டுவதும் பழுது பார்ப்பதும் குடியானவன் செலவு. மூவரில் ஒருவர் இறந்தால் ஒரு தொகையைச் செலுத்தி வேறொருவர் பெயரைச் சேர்த்துக்கொள்ள நிலக்கிழார் இசையலாம், இசையாமலும் இருக்கலாம். மூன்றாமவர் கண்ணை மூடினாரோ, மனையும் அதன் மீதெழுந்த சுவரும் கூரையும் தோட்டமும் யாதொரு நஷ்ட ஈடுமின்றி நிலக்கிழாரைச் சேர்ந்துவிடும். இவ்வகைக் குத்தகைகளைத் தொண்ணூறு வருஷக் குத்தகைகளாக மாற்றிய சட்டம் 1925-இலேதான் அந் நாட்டில் பிறந்தது.

ஜைல்ஸ் விண்டர்போர்ன் என்பவன் ஆப்பிள் மரம் நடுவதிலும் பழச்சாறு பிழிவதிலும் வல்லவனான ஒரு வாலிபன். அவனுக்குச் சிறு வீடுகள் சில உண்டு; அவை ஆயுட்குத்தகையிற் பெற்றவை. அவற்றின் உரிமை ஜான் சௌத் என்னும் ஒரு நோயாளிக் கிழவனின் மூச்சில் தொங்கிக்கொண்டிருந்தது. மர வியாபாரி மெல்பரியின் ஒரே புதல்வி கிரேஸ் அவனுக்கென்றே வளர்ந்தவள். மெல்பரி தமது வாலிபத்தில் ஜைல்ஸின் தகப்பனார் விரும்பிய பெண்ணைச் சூதாகத் தாம் அடைந்தவர்; அந்தப் பாவத்திற்குப் பிராயச்சித்தமாகத் தம் மகளை அவர் மகனுக்குக் கொடுப்பதென்று உறுதி பூண்டிருந்தார். ஆனால் அதே மகளைப் பெரும் பணம் செலவிட்டு உயர்தரப் பெண்பாடசாலைக்கும் அனுப்பி வைத்தார். கெடுதலின் வித்து அங்கேயே விழுந்துவிட்டது.

பாடசாலையினின்று திரும்பும் கிரேஸை அழைத்துவரச் சந்தைக்குப் போகிறான் ஜைல்ஸ். நாற்று விற்பவன் ஆதலால், மாதிரிக்காகக் கொணர்ந்த ஆப்பிள் மரமொன்று கூட்டத்திற்கு மேல் ஓங்கி நிற்க, அதனடியில் நின்று அவளை வரவேற்கிறான். அவளுக்கு நாணமாய் இருக்கிறது. வழிநெடுக வண்டியில் இன்ன மரத்தில் இன்ன வகைப் பழம் என்று அவன் ஆர்வத்தோடு காட்டிக்கொண்டு வருகிறான். அவளுக்கோ ஒரு வகைக்கும் மற்றொன்றுக்கும் பேதம் தெரியாமற் போய்விட்டது. அவள் மனத்தில் ஓடுவது பாடசாலைப் புல்வெளி. பின்னர் அவன் தன் வீட்டில் விருந்தளிக்கும்போது அவளுக்குப் பரிமாறிய கீரையில் வெந்த நத்தைப் புழு ஒன்று கிடக்கிறது. படிப்போருக்குச் சிரிப்பும் வரும், கண்ணீரும் வரும். தன்னால் இயன்றதனைத்தும் செய்து, செய்ததனைத்தும் கோணலாகிவிடும் நல்லவனின் நிலையை இத்துணை இரக்கத்தோடு எழுதியவர் மிகச் சிலர் என்போம்.

இனிக் கிழவன் சௌத்தின் கதையைக் கேளுங்கள். அவன் வீட்டெதிரே ஓர் எல்ம் மரம் உளது. காற்றில் ஆடும் அம் மரம் என்றேனும் தன்மீது விழுந்து தன்னைக் கொன்றுவிடும் என்ற பயமே அவனுக்கு வியாதியாய்ப் போயிற்று. அவனைக் காக்க ஜைல்ஸ் மரத்தின்மேலேறிக் கிளைகளைக் கழிக்கிறான், பயனில்லை. அவ்வூருக்குப் புதிதாய் வந்த வைத்தியர் பிட்ஸ்பையர்ஸ் மரத்தையே வெட்டிவிடச் சொல்கிறார். மரம் நிலக்கிழாரின் சொத்தாயிற்றே என்று பிறர் தயங்கியதையும் அவர் பொருட்படுத்தவில்லை. வெட்டி வீழ்த்தினார்கள். விடிந்தெழுந்த கிழவன், மரம் நின்ற இடத்தில் வெறும் ஆகாயத்தைக் கண்டு அதிர்ச்சியுற்று அன்று மாலையே மாண்டான். அவனுடன் ஜைல்ஸின் வீடுகளும் மாண்டன. சிறு தொகை செலுத்திப் புதிய ஆயுளைச் சேர்த்துக்கொள்ளும் வழி தகப்பனார் காலத்திலேயே இருந்தும் அது கவனியாது விடப்பட்டது. இப்போது நிலக்கிழாரான சார்மண்ட் சீமாட்டியிடம் விண்ணப்பித்துக்கொண்டதும் பலிக்கவில்லை. முன்னொரு நாள் ஒடுங்கிய பாதையில் மரவண்டியோடு சென்ற ஜைல்ஸ் அச் சீமாட்டியின் சாரட்டுக்குப் பின்வாங்கி வழிவிடாதிருந்தான். அதுவும் அவள் உள்ளத்தில் தைத்திருந்தது. வீடுகள் இடித்துத் தள்ளப்பட்டன. வீட்டை இழந்தவன் பெண்ணையும் இழப்பான் என்ற கருத்தில் யாரோ அவன் வீட்டுச் சுவரில் கரித்துண்டால் எழுதிவைத்தார்கள். மெல்பரி தம் விரதத்தை மறந்தார். கிரேஸ், மரத்தை வெட்டச் சொன்ன அதே வைத்தியரை, அவர் குலப்பெருமையில் மயங்கிய தகப்பனாரின் தூண்டுதலால் மணந்தாள்.

ஹார்டியை விதிவாதி என்று பண்டிதர்கள் சொல்வதுண்டு. அவரும் அப்படிச் சொல்ல இடங்கொடுக்கிறார். ஆனால் நியாயஸ்தலங்களில் தஸ்தாவேஜுகளைப் புரட்டியே நரைகண்ட நமக்கு, அவர் விதி என்று பெயரிடும் இடங்களிற் பலவற்றில் ஒரு ஷரத்துதான் கண்ணிற் படுகிறது. கிழவன் ஒருவன் மரத்தைக் கண்டு பயந்தால் அது அவன் வீட்டுத் துயரம். அவன் பயம் அடுத்த வீட்டு வாலிபனின் கல்யாணத்தைக் கலைக்கும்படி செய்தது வானத்துத் தேவதைகள் அல்ல. பத்திரம் எழுதிய கை. ஜைல்ஸின் பேரிலும் குற்றமில்லையென்று நாம் சொல்லமாட்டோம். வீடு போயிற்று என்றவுடன் அவன் போராடாமல் ஒதுங்கிக்கொண்டான். கிரேஸின் உள்ளம் தன்பக்கம் திரும்பத் தொடங்கிய சமயத்தில் அவன் வாய் திறந்திருப்பானேல் கதை வேறாயிருக்கும். வீடிழந்தவனுக்கு அவ்வாறு வாய் திறக்கும் துணிவு எளிதில் வருவதில்லை என்பதை நம் விவசாய அன்பர் மறுக்கமாட்டார்.

கதை அங்கும் முடியவில்லை. வைத்தியர் முன்னமே கிராமத்துப் பெண்ணொருத்தியோடு தொடர்பு கொண்டிருந்தவர். விவாகமான பின் சார்மண்ட் சீமாட்டியோடும் உறவாடி அவளைப் பின்பற்றி ஐரோப்பாக் கண்டத்திற்குப் போய்விட்டார். மெல்பரி மனமுடைந்திருக்கையில், குடியால் கெட்டுப்போன ஒரு வக்கீல் குமாஸ்தா வந்து ஆசை காட்டுகிறான். விக்டோரியா ராணியின் ஆட்சியில் 20, 21-ஆம் வருஷச் சட்டங்களில் 85-ஆம் அத்தியாயம் என்று இலக்கத்தோடு சொல்லி, இனி விவாகத்தை ரத்துச் செய்வது எளிதென்கிறான். அது 1857-ஆம் வருஷத்து விவாகரத்துச் சட்டம். மெல்பரி லண்டனுக்கு ஓடுகிறார். ஜைல்ஸுக்கும் கிரேஸுக்கும் மீண்டும் நம்பிக்கை துளிர்க்கிறது. சட்டம் தங்களை விடுவித்துவிடும் என்றெண்ணி அவர்கள் பழகும் அந்தச் சில தினங்களே இந்த நாவலில் காதல் மலரும் தினங்கள். அந்தோ! வைத்தியர் செய்த கொடுமை போதாதென்று தெரியவருகிறது. அச் சட்டப்படி மனைவி விபசாரம் செய்தாள் என்ற ஒன்றையே காட்டிக் கணவன் விடுதலை பெறலாம். மனைவி விடுதலை பெற அது மட்டும் போதாது. கணவனின் விபசாரத்தோடு கொடுமையையோ, இரண்டு வருஷத்திற்குக் குறையாத கைவிடுதலையோ, இவற்றினும் கொடிய வேறு சில குற்றங்களில் ஒன்றையோ சேர்த்து ருசுப்பிக்க வேண்டும். இங்கிலாந்தில் இந்தப் பாரபட்சம் நீங்கியது 1923-இல்.

இவ்விடத்தில் நம் நாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. 1857-ஆம் வருஷத்து அநீதியை அப்படியே பெயர்த்து 1869-இல் இந்திய விவாகரத்துச் சட்டம் என்ற பெயரால் இந்நாட்டுக் கிறிஸ்தவ ஸ்திரீகளின் தலையில் ஏற்றினார்கள். தங்கள் நாட்டில் 1923-இல் திருத்திக்கொண்டவர்கள் இங்கே திருத்தவில்லை. அதற்காக ஆங்கிலேயரை எவ்வளவு வேண்டுமாயினும் ஏசலாம், நாமும் ஏசுவோம். ஆனால் நம் பாராளுமன்றம் அச் சட்டத்தைத் திருத்தி ஸ்திரீ புருஷர் இருவருக்கும் சமநீதி வழங்கியது 2001-இல் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். இடையிற் கழிந்த 78 வருஷங்களில் 24 வருஷம் அவர்கள் கணக்கு. 54 வருஷம் நம் கணக்கு.

டெஸ் என்னும் ஏழைப் பெண்ணின் கதையை வாசகர்களிற் பலர் கலாசாலையில் படித்திருப்பார்களாதலின் விரிக்க வேண்டா. 1891-இல் வெளிவந்த அந்த நாவலைக் கற்பைப் பற்றிய நூலென்றே உபாத்தியாயர்கள் போதிப்பது வழக்கம். முதலிரவில் கணவன் ஏஞ்சல் கிளேர் தன் பழைய தவறொன்றைச் சொல்லி மன்னிப்புப் பெறுகிறான். அவளும் தனக்கு நேர்ந்த அநியாயத்தைச் சொல்ல, அவளை மன்னியாது பிரேசில் தேசத்திற்குப் போய்விடுகிறான். இதை எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அவள் கடைசியாக ஏன் விழுந்தாள் என்பதைச் சிலரே நினைவு கூர்வர். அவள் தகப்பன் ஜான் டர்பிபீல்டின் வீடும் மூன்று ஆயுள் வீடே. அவன் இறந்த மாத்திரத்தில் குத்தகை முடிந்தது. ஏப்ரல் 6-ஆம் தேதி, அதாவது பழைய கணக்குப்படி வருஷக் குடிபெயர்ப்பு நாளன்று, தாயும் சிறு குழந்தைகளும் தட்டுமுட்டுச் சாமான்களோடு வண்டியேற வேண்டியதாயிற்று. அவர்களை மேலும் வைத்துக்கொள்ள ஊராருக்கு மனமில்லாததற்கு டெஸ்ஸைப் பற்றிய அவதூறும் ஒரு காரணம். தேடிப் போன ஊரில் பேசி வைத்திருந்த அறைகளை வேறொருவர் எடுத்துக்கொண்டார். மாதாகோவில் சுவரோரம், முன்னோர் கல்லறைக்கருகில், கட்டிலைப் போட்டுத் துணி கட்டிக் குழந்தைகளை உறங்கவைத்தார்கள். அவளை முன்னம் கெடுத்த அலெக் என்பவன் அப்போதுதான் தாய்க்கு வீடும் குழந்தைகளுக்குப் படிப்பும் தருவதாகச் சொல்லி அவளைப் பெறுகிறான். அதை இசைவு என்று எந்த நியாயாதிபதி ஒப்புவார்? இந்தக் குடிபெயர்ப்புக் காட்சி ஆசிரியரின் கற்பனையன்று. 1883-இல் டார்செட் கூலிகளைப் பற்றி அவர் ஒரு சஞ்சிகையில் எழுதிய வியாசத்தில், இவ்வகை வீடுகள் அழிவதையும் குடும்பங்கள் வண்டியேறிச் செல்வதையும் கண்டவாறே எழுதியிருக்கிறார்.

அக்காலத்துப் பத்திரிகை ஒழுக்கம் எத்தகையது என்பதற்கு ஒரு வேடிக்கை. டெஸ் கதை தொடராக வெளிவந்தபோது, வெள்ளம் நிறைந்த பாதையில் ஏஞ்சல் பால்கறக்கும் பெண்களைக் கையால் தூக்கிக் கடத்துவதாக எழுதியிருந்ததைப் பத்திராதிபர் ஒப்பவில்லை. தள்ளுவண்டியில் ஏற்றிக் கடத்தும்படி மாற்றச் செய்தார். பத்திராதிபர்களின் குலத்தைச் சேர்ந்தவராகிய நாம் இதற்கு வெட்கப்படுகிறோம்.

இனி மறுபக்கத்தையும் பார்ப்போம். 1874-இல் ஹார்டி வெளியிட்ட ‘பார் பிரம் தி மேடிங் கிரவுட்’ என்னும் நாவலில் பாத்ஷீபா என்பவள் கதாநாயகி. முதலில் அவள் ஏழை. கேப்ரியல் ஓக் இருநூறு ஆடுகளோடு ஒரு சிறு பண்ணையைக் குத்தகைக்கு எடுத்தவன், அந்த ஆடுகளுக்கும் பணம் இன்னும் கொடுபடவில்லை. ஓர் ஆட்டுக்குட்டியைக் கையிலேந்திப் பெண் கேட்கப் போகிறான். பியானோ வாங்கித் தருவேன், வண்டி வாங்கித் தருவேன் என்கிறான். அவளுக்குக் கல்யாணக் கோலம் பிடிக்கிறது, கணவன் பிடிக்கவில்லை, மறுத்துவிடுகிறாள். பின்பு அவன் நாயொன்று ஆடுகளையெல்லாம் விரட்டிப் பள்ளத்தில் வீழ்த்துகிறது. அவன் கடனைத் தீர்த்து வெறுங்கையனாகிறான். அவளோ சிற்றப்பன் பண்ணைக்கு உரியவளாகிறாள். அவன் அவளிடமே மேய்ப்பனாய் அமர்கிறான். ஏழையாயிருந்தும் மறுத்தவள், பண்ணைக்காரியான பின் இன்னும் துணிவாக ஆண்களிடையே தானியச் சந்தையில் நின்று விலை பேசுகிறாள்.

அவ்வளவு சுதந்திரமும் ஒரு மணப்பந்தலில் கரைந்துபோயிற்று. வாள்வீச்சில் மயக்கிய டிராய் என்னும் சிப்பாயை அவள் மணக்கிறாள். அக்காலத்து ஆங்கிலச் சட்டத்தில் கணவனும் மனைவியும் ஒருவரே. அந்த ஒருவர் கணவன். மனைவியின் ரொக்கமும் ஜங்கமசொத்தும் அவனுடையதாகிவிடும். அவள் குத்தகை நிலத்தை அவன் தன் இஷ்டப்படி கையாளலாம். 1870-ஆம் வருஷத்துச் சட்டம் சம்பாத்தியத்தையும் வேறு சிலவற்றையும் மாத்திரமே விலக்கியது. முழுப் பாத்தியதை 1882-ஆம் வருஷத்துச் சட்டத்தால்தான் வந்தது. டிராய் அவள் பணத்தால் பட்டாளத்திலிருந்து தன்னை விடுவித்துக்கொண்டு, குதிரைப் பந்தயத்தில் ஒரே மாதத்தில் நூறு பவுனுக்கு மேல் தொலைக்கிறான். அறுவடை விருந்தன்று ஆட்களுக்குச் சாராயம் ஊற்றி மயங்கச் செய்கிறான். அன்றிரவு இடியும் மின்னலும் வரும்போது, கதிர்ப்போர்களை மூடிக் காப்பாற்றுபவர்கள் ஓக்கும் பாத்ஷீபாவும் மட்டுமே. நம் ஹிந்து சாஸ்திரங்களில் ஸ்திரீதனம் என்று மனைவிக்குத் தனிச்சொத்து பண்டே வகுக்கப்பட்டிருந்ததை இங்கே சுட்டலாம். சுட்டிவிட்டு மார்தட்டவும் முடியாது. பிதிரார்ஜித சொத்தில் மகளுக்குப் பிறப்புரிமை தமிழ்நாட்டில் 1989-இலும் நாடு முழுமைக்கும் 2005-இலும்தானே கிடைத்தது!

அந்த இரவின் காட்சியை நாம் பலமுறை படித்திருக்கிறோம். காதல் மொழி ஒன்றும் அங்கே இல்லை. ஒருத்தி ஏணியில் கதிர்க்கட்டைச் சுமந்து ஏறுகிறாள், ஒருவன் மேலே நின்று வைக்கோல் வேய்கிறான். இருவருக்கும் நஷ்டம் இன்னதென்று தெரியும், வேலை இன்னதென்றும் தெரியும். கடைசியில் டிராய் மாண்டபின், ஓக் தன் வேலைக்கு முன்னறிவிப்புக் கொடுத்துவிட, அவளே இருட்டிய வேளையில் அவன் குடிசையைத் தேடிச் செல்கிறாள். தான் அவனைப் பெண் கேட்க வந்ததுபோல் ஆயிற்றே என்று சிரிக்கவும் சிரிக்கிறாள். ஒரே தொழிலில் உடனுழைத்து, ஒருவர் குறையை ஒருவர் முதலில் அறிந்து, பின் நிறையை அறிவதால் விளையும் அன்பையே ஹார்டி அங்கே உயர்த்திப் பேசுகிறார். அவர் நூல்களில் இத்தகைய முடிவு அரிது. அது கைகூடியதற்கு, அந்நேரத்தில் பண்ணை அவள் கையிலும், அடுத்த பண்ணையை நடத்தும் வாய்ப்பு அவன் கையிலும் இருந்தது காரணமன்று என்று சொல்ல நமக்குத் துணிவில்லை.

உட்லாண்டர்ஸுக்குத் திரும்புவோம். விவாகரத்து பொய்த்தபின் கணவன் திரும்பி வருவது கேட்டு அஞ்சி ஓடிய கிரேஸுக்கு ஜைல்ஸ் தன் காட்டுக்குடிசையை ஒழித்துக் கொடுத்தான். ஊர் பழிக்குமே என்று தான் வெளியே மழையிற் கிடந்தான். ஏற்கெனவே காய்ச்சல் கண்ட உடம்பு, மாண்டான். கிரேஸ் நாளடைவில் கணவனோடு சேர்ந்துகொண்டாள். இக் கதையில் இன்னொருத்தி உண்டு. கிழவன் சௌத்தின் மகள் மார்ட்டி. நோயுற்ற தகப்பனுக்காக இரவெல்லாம் கூரைக்குச்சி சீவியவள். ஜைல்ஸ் கிரேஸுக்கென்று நிச்சயமானவன் என்று காதில் விழுந்த அன்று, தனக்கிருந்த ஒரே அழகாகிய கூந்தலை வெட்டி இரண்டு பவுனுக்கு விற்றுவிட்டாள். அது சார்மண்ட் சீமாட்டியின் தலைக்குப் போயிற்று. தகப்பன் இறந்தபோது அவளுக்கும் வீடு போயிற்று. சுவரில் கரியால் எழுதியது அவள்தான். ஜைல்ஸோடு கூட நின்று மரக்கன்று நட்டவள் அவள். தன் மனத்தை அவனிடம் ஒருநாளும் சொன்னவளல்லள்.

அவன் இறந்தபின் வாரந்தோறும் கிரேஸும் மார்ட்டியும் சேர்ந்து கல்லறைக்குப் பூக் கொண்டு போவது வழக்கமாயிற்று. கணவனோடு சேர்ந்த அந்த வாரம் கிரேஸ் வரவில்லை. மார்ட்டி வாயிலில் நெடுநேரம் காத்திருந்தாள். இருட்டிய பின் தனியே உள்ளே சென்று, போன வாரம் இருவரும் வைத்த வாடிய பூக்களை எடுத்துப்போட்டுவிட்டுத் தன் பூக்களை வைத்தாள்.